காரைச் சுமந்த ட்ரெயிலரை இழுக்கத் தக்க வண்டி

இலக்கியமும் சமயமும் கல்லூரி வரலாறும் இடம்பெறும் விழா மலரொன்றிலே, காரை ஏற்றிய ட்ரெயிலரை இழுப்பது பற்றி எழுதுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் துணிபு. பௌதிக வகுப்பிலே நாம் கற்ற நெம்புகோலும் சாய்தளமும் இயக்கசக்தியும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. அவை நாடோறும் வீதியிலே தொழிற்படுகின்றன. அவற்றை நினைவிற் கொண்டவன் நலமே வீடு சேர்கின்றான். மறந்தவன் தனக்கும், எதிரே வருகின்ற குற்றமற்ற ஒருவனுக்கும் கேடு சூழ்கின்றான்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. நம் பழைய மாணவருட் பலர் இன்று பிரித்தானியாவிலே வாழ்கின்றனர். பழைய கார்களைத் தேடி வாங்கிப் புதுக்கிப் பேணுதல் அந்நாட்டிலே பலர்க்கும் விருப்பமான பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த ஒருவர் மொரிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ-40 வண்டியையோ கண்டால் உள்ளம் நெகிழாதிருத்தல் அரிது. ஆசிரியர்களும் வைத்தியர்களும் அவ்வண்டிகளிலே சென்றதைக் கண்டு வளர்ந்தோர் நாம். 1990களில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தே, சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு, மண்ணெண்ணெயிலே ஓடி நம் மக்களுக்கு உதவியவையும் அவையே. ஆதலின் அவற்றுள் ஒன்றை எங்கேனும் ஒரு கிராமத்துக் கொட்டிலிற் கண்டவுடன் வாங்கிவிடத் தோன்றுகின்றது. வாங்கிய வண்டி ஓடும் நிலையில் இராது. ட்ரெயிலரில் ஏற்றியே கொணர்தல் வேண்டும். அதனை இழுக்க எவ்வண்டியைக் கொள்வது என்னும் வினா அப்போது எழுகின்றது.

இவ்வினாவுக்குப் பெரும்பாலோர் அளிக்கும் விடை, "நல்ல எஞ்சின் உள்ள வண்டி எதுவும் இழுக்கும்" என்பது. அவ்விடை முழுப் பொய்யன்று. ஆபத்தான அரை உண்மை. இழுத்தல் எளிது. இழுத்ததை நிறுத்துதலும், நேர்வழியிலே அடக்கி வைத்திருத்தலுமே அரியன. வண்டியைத் தெரிவு செய்வோர் இவ்விரண்டையும் முன்வைத்தே தெரிவு செய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையால் விளக்க முயல்வோம்.

சுமையை முதலில் அறிதல்

மெல்லிய மயிலிறகும் அளவுக்கு மிஞ்சினால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்பதைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வைத்துக் கூறினார். வலியறிதலின் முதற்படி சுமையின் நிறையை அறிதலாகும். இங்கே பலர் காரின் நிறையை மட்டும் எண்ணி, ட்ரெயிலரின் நிறையை மறந்துவிடுகின்றனர்.

மொரிஸ் மைனர் சிறிய வண்டி. அதன் நிறை ஏறத்தாழ 780 கிலோகிராம். கார் ஏற்றுவதற்கென அமைந்த, ஈரச்சுடைய ட்ரெயிலரின் நிறை 600 கிலோகிராம் எனக் கொள்வோம். கட்டும் பட்டிகள், ஏற்று பலகைகள், கருவிகள் ஆகியவற்றுக்கு 20 கிலோகிராம். ஆக, இழுக்கப்படுவது 1,400 கிலோகிராம். "சிறிய மொரிஸ்தானே" என்று எண்ணியவரின் பின்னால் வருவது, அவர் எண்ணியதைப் போல ஏறக்குறைய இருமடங்கு சுமை.

இக்காலக் கார்களோ இன்னும் பாரமானவை. நடுத்தரக் காரொன்று 1,400 அல்லது 1,500 கிலோகிராம் இருத்தல் இயல்பு. மின்கலத்தால் ஓடும் கார்கள் அதனினும் கூடுதலான நிறையுடையன. 1,900 கிலோகிராம் நிறையுள்ள காரை அதே ட்ரெயிலரில் ஏற்றினால் மொத்தம் 2,500 கிலோகிராம் ஆகும். ஆகவே மொரிஸை இழுக்கப் போதுமான வண்டி, மகனின் புதிய காரை இழுக்கவும் போதும் எனக் கொள்ளலாகாது. ஐயம் இருப்பின் பொது நிறுவை மேடையிலே ஏற்றி நிறுத்தறிதலே நேர்மையான வழி.

ஏறுவதற்கு வேண்டிய வலு

இனி, இழுக்கும் வலுவைக் கணக்கிடுவோம். இழுக்கும் வண்டி தன் ஆட்களுடனும் பொருள்களுடனும் 1,900 கிலோகிராம் என வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்த தொடரின் நிறை 3,300 கிலோகிராம். பத்து அடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றத்திலே, இத்தொடரைப் பின்னிழுக்கும் புவியீர்ப்பு விசை ஏறத்தாழ 3,240 நியூற்றன். இவ்விசையை வென்று மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்கு 36 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 48 குதிரைவலு வேண்டும். ரயர்களின் உராய்வும் காற்றின் தடையும் இதற்குமேல் வேறாக உள்ளன.

1962ஆம் ஆண்டின் பின் வந்த மொரிஸ் மைனரின் 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சின், தன் முழுவலுவையும் காட்டினால் தருவது இதே 48 குதிரைவலுவே. இன்றைய நடுத்தர வண்டிகள் 100 குதிரைவலுவுக்கு மேல் உடையன. அவ்வாறாயின் எவ்வண்டியும் இழுக்கலாமன்றோ என மாணவர் வினவுவர். வினா நன்று. விடையை வரலாற்றிலிருந்தே காட்டலாம். 1948ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் லான்ட் ரோவர் முதன்முதல் வெளிவந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இலண்டனிலே மொரிஸ் மைனர் வெளிவந்தது. அந்த முதல் லான்ட் ரோவரின் எஞ்சின் வலு ஏறத்தாழ 50 குதிரைவலு. பின்னாளைய மொரிஸின் வலுவோடு ஏறக்குறைய ஒத்தது. ஆயினும் லான்ட் ரோவரைப் பண்ணைச் சுமைகளை இழுக்கக் கொண்டனர். மொரிஸை அதற்குக் கொள்வார் எவருமிலர். வேற்றுமை எஞ்சினின் குதிரைவலுவில் இல்லை. ஏணிபோல் அமைந்த உறுதியான அடிச்சட்டம், நான்கு சில்லுகளுக்கும் வலுவைச் செலுத்தும் அமைப்பு, மிகத் தாழ்ந்த கியர்கள் ஆகியவற்றிலேயே அவ்வேற்றுமை இருந்தது.

வலுவினும் முறுக்குவிசையே இங்கு முதன்மையானது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே மிகுந்த முறுக்குவிசை தருமாயின், ஏற்றத்தில் நின்ற தொடரை அமைதியாகக் கிளப்பலாம். டீசல் எஞ்சின்கள் இதற்குப் பெயர் பெற்றவை. முறுக்குவிசை குறைந்த வண்டியைக் கிளப்புவோர் எஞ்சினை இரையவிட்டுக் கிளச்சைத் தேய்க்கின்றனர். சில ஏற்றங்களிலேயே கிளச்சு கருகி மணக்கும். ஐரோப்பாவில் ஒரு வண்டிக்கு இழுக்கத்தக்க நிறையை வரையறுக்கும்போது, நூற்றுக்குப் பன்னிரண்டு சாய்வுள்ள ஏற்றத்திலே ஐந்து நிமிடத்துள் ஐந்து முறை நின்று கிளம்ப வல்லதா எனச் சோதிக்கின்றனர். வண்டி செய்தோர் தரும் எண் வெறும் மதிப்பீடன்று என்பது இதனாற் புலப்படும்.

நிறுத்துவதற்கு வேண்டிய வலு

ஏற முடியாத வண்டி வழியிலே நின்றுவிடும். அதனால் வரும் நட்டம் பெரும்பாலும் நேரமும் பணமுமே. நிற்க முடியாத வண்டியால் வருவதோ உயிர்நட்டம்.

இயக்கசக்தி திணிவின் அளவாகவும், வேகத்தின் வர்க்கத்தின் அளவாகவும் வளர்வது என்பதை நாம் கற்றிருக்கின்றோம். மணிக்கு 80 கிலோமீற்றரிற் செல்லும் 1,900 கிலோகிராம் வண்டியை நிறுத்துவதற்கு, 4 இலட்சத்து 69 ஆயிரம் யூல் சக்தியை வெப்பமாக மாற்றுதல் வேண்டும். 3,300 கிலோகிராம் தொடராயின் அது 8 இலட்சத்து 15 ஆயிரம் யூல். பிறேக்கு அழுத்தும் கால் அதே கால்தான். வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஒன்றே முக்கால் மடங்கு.

இறக்கமோ இன்னுங் கொடியது. இதே தொடர் 100 மீற்றர் உயரத்திலிருந்து கீழிறங்கும்போது விடுவிக்கும் சக்தி ஏறத்தாழ 32 இலட்சம் யூல். பத்துக்கு ஒன்று சாய்வாயின் இது ஒரு கிலோமீற்றர் வீதியிலேயே நிகழ்ந்துவிடும். முழுவதையும் பிறேக்கின்மீது சுமத்தினால், 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நான்கு முறை தொடர்ந்து நிறுத்தியதற்கு ஒப்பாகும். சூடேறிய பிறேக்கு பிடிப்பை இழக்கும். கடுகண்ணாவைக் கணவாயில் கண்டியிலிருந்து இறங்கும் லொறிச் சாரதிகள் தாழ்ந்த கியரிலே எஞ்சின் உறும உறும இறங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். எஞ்சினே அங்கு பிறேக்காகத் தொழிற்படுகின்றது. ஆகவே தெரிவு செய்யும் வண்டி, இறக்கத்திலே தொடரைத் தன் கியராற் பிடித்து நிறுத்த வல்லதா என்பதும் ஆராயத்தக்கது.

ட்ரெயிலருக்கும் பிறேக்கு வேண்டும். பிரித்தானியச் சட்டப்படி, பிறேக்கு இல்லாத ட்ரெயிலர் சுமையுடன் 750 கிலோகிராமுக்கோ, இழுக்கும் வண்டியின் வெறுநிறையிற் பாதிக்கோ, இவற்றுட் குறைந்ததற்கு மேற்படலாகாது. மொரிஸ் மைனர் தனித்தே இவ்வெல்லையைக் கடந்துவிடுவதால், பிறேக்கு இல்லாத ட்ரெயிலரிலே காரேற்றும் பேச்சுக்கே இடமில்லை. 3,500 கிலோகிராம் வரையுள்ள ட்ரெயிலர்களில் அமைவது தள்ளுவிசைப் பிறேக்கு. இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும், ட்ரெயிலர் தன் சடத்துவத்தால் முன்னோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளுகை முகப்பிலுள்ள தண்டைப் பின்னுக்கு அழுத்த, தண்டு ஒரு நெம்புகோலை அசைக்க, அது கம்பிகளை இழுத்துச் சில்லுகளின் பிறேக்கைப் பிடிக்கச் செய்கின்றது.

இவ்வமைப்பை உற்றுநோக்குவோர்க்கு ஓருண்மை தோன்றும். ட்ரெயிலர் முதலில் முன்வண்டியைத் தள்ளிய பின்னரே தன்னை நிறுத்திக்கொள்கின்றது. முன்வண்டி இலேசானதாயின் அத்தள்ளுகை அதன் பின்புறத்தை ஒருபக்கம் ஒதுக்கிவிடும். வளைவிலும் மழை நனைந்த வீதியிலும் இது எளிதில் நிகழும். முன்வண்டி பாரமானதாயின் தள்ளுகையைத் தாங்கி நிற்கும். எனவேதான் குதிரைவலுவுக்கு முன், வண்டியின் சொந்த நிறையைக் கேட்க வேண்டும் என்கின்றோம்.

அலைவும் முகப்பாரமும்

ட்ரெயிலர் இழுப்போர் அஞ்ச வேண்டிய மற்றொன்று அலைவு. பெரிய லொறியொன்று விரைந்து கடக்கும்போதோ, பக்கக் காற்று வீசும்போதோ ட்ரெயிலர் சற்றே ஒருபுறம் சாயும். பின் மறுபுறம் திரும்பும். தொடர் அடங்கி நேராதல் வேண்டும். அடங்காது ஒவ்வோர் ஆட்டமும் முன்னதினும் பெரிதாகுமாயின், சில கணங்களில் ட்ரெயிலர் முன்வண்டியையே புரட்டிவிடும். வேகம் கூடக்கூட இவ்வாபத்து மிகும். அலைவு தொடங்கினால் வேகங் கூட்டி நேராக்க முயலலாகாது. பிறேக்கைக் கடுமையாக அழுத்தலுமாகாது. அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்து, வேகம் தானே குறைய விடல் வேண்டும்.

அலைவைத் தடுப்பதற்கு முதல் வழி சுமையை ஒழுங்காக வைத்தல். ட்ரெயிலரின் முகப்பு, கொளுக்கிக் குண்டின்மீது கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தை முகப்பாரம் எனலாம். பிரித்தானியாவில் இது ட்ரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை இருத்தல் நன்று என்பர். 1,400 கிலோகிராமுக்கு அது 70 முதல் 98 கிலோகிராம். முகப்பாரம் குறைந்தால் ட்ரெயிலரின் வால் கனத்து அலைவு பிறக்கும். ஆனால் அதனை வேண்டியவாறு கூட்டவும் இயலாது. வண்டிக்கும் கொளுக்கிக்கும் தனித்தனியே எல்லை உண்டு. ஒரு வண்டியின் எல்லை 75 கிலோகிராம் என்றிருந்தால், அதற்கு மேல் ஏற்றலாகாது. ஆகையால் இழுக்கும் வண்டியைத் தெரியும்போதே அதன் முகப்பார எல்லையையும் பார்த்தல் அவசியம்.

மொரிஸ் மைனரின் எஞ்சின் முன்னே இருப்பதால், அதனை முன்முகமாகவே ஏற்றினால் முகப்பாரம் எளிதில் அமையும். வொக்ஸ்வாகன் பீற்றிலின் எஞ்சினோ பின்னே உள்ளது. அதன் நிறையிற் பாதிக்கு மேல் பின்சில்லுகளிலே தங்கும். அதனை மொரிஸைப்போல் முன்முகமாக அதேயிடத்தில் நிறுத்தினால் ட்ரெயிலரின் வால் கனக்கும். பின்முகமாக ஏற்றுதலோ, மேலும் முன்னே நகர்த்துதலோ வேண்டும். நகர்த்தும் அளவையும் நெம்புகோல் விதியே கூறும். கொளுக்கிக்கும் ட்ரெயிலர் அச்சுகளின் நடுவிடத்துக்கும் இடைத்தூரம் 3.5 மீற்றராயின், 780 கிலோகிராம் காரைப் பத்துச் சென்ரிமீற்றர் முன்னே தள்ளும்போது முகப்பாரம் ஏறத்தாழ 22 கிலோகிராம் கூடும். நான்கு விரல் அகலத்தில் தொடரின் குணமே மாறிவிடுகின்றது!

இரண்டாவது வழி, தக்க உருவமைப்புள்ள வண்டியைத் தெரிதல். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் நீண்டும், பின்சில்லிலிருந்து கொளுக்கி வரையுள்ள தூரம் குறுகியும் இருக்கும் வண்டி நிலையானது. இதற்கும் கணக்கு உண்டு. சில்லிடைத்தூரம் 2.75 மீற்றர், கொளுக்கி பின்சில்லுக்கு 1.1 மீற்றர் பின்னே, முகப்பாரம் 90 கிலோகிராம் என்க. அப்போது முன்சில்லுகளின் பாரம் 36 கிலோகிராம் குறையும். பின்சில்லுகளிற் கூடுவதோ 90 அன்று, 126 கிலோகிராம். முன்சில்லுகள் இலேசானால் திருப்புதல் தளரும். இரவிலே முன்விளக்குகள் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். முன்சில்லுகளால் இயங்கும் வண்டியாயின் ஈரப்புல்லிலும் ஏற்றத்திலும் சில்லு வழுக்கிச் சுழலும். கொட்டில்களிலும் வயலோரங்களிலும் கிடக்கும் பழைய கார்களை எடுக்கச் செல்வோர்க்கு, நான்கு சில்லுகளாலும் இயங்கும் வண்டி உதவுவது இதனாலேயே.

தகட்டிலே எழுதியிருப்பது

வண்டியின் கதவுத்தூணிலோ எஞ்சின் மூடியின் கீழோ ஒரு சிறு தகடு உண்டு. ஐரோப்பிய வண்டிகளின் தகட்டிலே பொதுவாக நான்கு நிறைகள் வரிசையாக இருக்கும். முதலாவது, வண்டி தன் சுமையுடன் இருக்கத்தக்க மிகு நிறை. இரண்டாவது, வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்த தொடரின் மிகு நிறை. மூன்றாவதும் நான்காவதும் முன்னச்சும் பின்னச்சும் தாங்கும் எல்லைகள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச்சுமையுடன் நிற்கும் வண்டி இழுக்கத்தக்க நிறை தெரியும். முதலாவது 2,200, இரண்டாவது 3,700 கிலோகிராமாயின் மிகுதி 1,500 கிலோகிராம். வண்டிக் கைநூலிலே வேறாக ஓர் எல்லை தந்திருந்தால், இரண்டினுட் குறைந்ததையே கொள்ளல் வேண்டும். இரண்டாவது எண் இல்லாதிருந்தால் அவ்வண்டி இழுத்தற்கென அங்கீகரிக்கப்பட்டதன்று. மின்சார வண்டிகளிலும் கலப்பு எஞ்சின் வண்டிகளிலும் அத்தகையன உள. பார்த்தே துணிதல் நன்று.

முகப்பாரம் முன்வண்டியின் சுமைக்கணக்கிலே சேரும் என்பதையும் மறவற்க. குடும்பத்தார் ஐவரையும் ஏற்றிப் பெட்டிகளையும் நிரப்பிய வண்டி, ட்ரெயிலரைக் கொளுவுமுன்பே தன் பின்னச்சின் எல்லையைத் தொட்டிருக்கக் கூடும்.

சட்டம் அனுமதிப்பது ஒன்று. அறிவு அனுமதிப்பது மற்றொன்று. புதிதாக இழுக்கத் தொடங்குவோர், இழுக்கப்படுவதன் நிறையை இழுக்கும் வண்டியின் வெறுநிறையில் நூற்றுக்கு 85க்குள் வைத்துக்கொள்க என்பது பிரித்தானியாவில் வீட்டு ட்ரெயிலர் இழுப்போரிடையே நெடுங்காலமாக வழங்கும் அறிவுரை. வெறுநிறை என்பது எரிபொருளுடன், ஆட்களும் பொருள்களும் இன்றி நிற்கும் வண்டியின் நிறை. இது சட்டமன்று, ஆயினும் காரேற்றிய ட்ரெயிலருக்கும் நல்ல அளவுகோலாகும். நம் 1,400 கிலோகிராம் சுமைக்கு இவ்வளவுகோலின்படி வேண்டிய வண்டியின் வெறுநிறை ஏறத்தாழ 1,650 கிலோகிராம்.

வண்டிகளை ஒப்புநோக்கல்

இனி, வண்டி வகைகளை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். 1,100 கிலோகிராம் நிறையுள்ள சிறு கார், தன்னினும் பாரமான தொடரைக் கட்டியாளாது, அதனை விலக்குக. 1,500 கிலோகிராம் வெறுநிறையும் 1,500 கிலோகிராம் இழுப்பெல்லையும் உள்ள நடுத்தரக் கார், சட்டப்படி மொரிஸை இழுக்கலாம். ஆயினும் சுமை அதன் நிறையில் நூற்றுக்கு 93 ஆகின்றது. பழகியவர், நல்ல காலநிலையில், மெதுவாகச் செலுத்துவதற்கு மட்டும் அது தகும். 1,700 முதல் 2,000 கிலோகிராம் வரை நிறையும், 2,000 கிலோகிராமுக்குக் குறையாத இழுப்பெல்லையும், டீசல் எஞ்சினும் உடைய பெரிய கார் அல்லது நாற்சில்லு வண்டியே மொரிஸுக்கும் ஒஸ்ரினுக்கும் மிகப் பொருத்தமானது.

2,500 கிலோகிராம் சுமையாயின் நிலை வேறு. இன்று விற்கப்படும் பெரிய நாற்சில்லு வண்டிகள், பிக்கப் வண்டிகள் பலவற்றின் இழுப்பெல்லை 3,500 கிலோகிராம். அவ்வெண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. அவ்வண்டிகளின் வெறுநிறை பெரும்பாலும் 2,000 முதல் 2,500 கிலோகிராம் வரையே. 85 என்னும் அளவுகோலைக் கொண்டால், 2,500 கிலோகிராம் சுமைக்கு 2,900 கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டி வேண்டும். ஆகவே சட்டம் இடந்தந்தாலும், அத்தொடரைச் செலுத்துதல் பழகிய கைக்கே உரியது; வேகமும் அதற்கேற்பக் குறைதல் வேண்டும். பிக்கப் வண்டியில் மற்றொன்றும் நோக்கத்தக்கது: பின்தட்டு வெறுமையாக இருக்கும்போது பின்சில்லுகளிற் பாரம் குறைவு, கொளுக்கியும் பின்சில்லிலிருந்து நெடுந்தூரம் பின்னே நிற்கும்.

மின்சார வண்டிகள் பாரமானவை. நின்ற நிலையிலேயே பேரளவு முறுக்குவிசை தருபவை. இழுப்பதற்கு அங்கீகாரம் உள்ளதாயின் நன்றே இழுக்கும். ஆயினும் ஒருமுறை மின்னேற்றி ஓடும் தூரம் பாதியளவாகக் குறைதல் உண்டு. ட்ரெயிலருடன் மின்னேற்றும் இடத்திலே நுழைந்து திரும்புதலும் எளிதன்று. நெடுந்தூரப் பயணத்துக்கு முன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எவ்வகை வண்டியாயினும் அதன் நிலையை ஆராய்க. கொளுக்கிச் சட்டம் துருப்பிடியாது அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பூட்டப்பட்டுள்ளதா, ரயர்கள் சுமைக்கேற்ற காற்றழுத்தம் உடையனவா, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரும் கியர்ப்பெட்டி எண்ணெயும் செவ்வையாக உள்ளனவா, கிளச்சு தேய்ந்ததா என்பனவற்றைப் பார்க்காது புறப்படலாகாது. ட்ரெயிலர் கழன்றுவிட்டால் அதன் பிறேக்கைத் தானே இழுத்துப் பிடிக்கச் செய்யும் பாதுகாப்புக் கம்பி முன்வண்டியோடு கோக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

செலுத்துவோரின் தகுதியும் வண்டியின் தகுதியோடு சேர்ந்ததே. 1997ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதியின் பின் பிரித்தானியாவிலே கார் அனுமதிப்பத்திரம் பெற்றோர், முன்னர்ப் பெரிய ட்ரெயிலர்களுக்கு வேறொரு பரீட்சையிலே தேற வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16 முதல் அத்தேவை நீங்கியது. இன்று அவர்கள் 3,500 கிலோகிராம் வரையுள்ள ட்ரெயிலரை இழுக்கலாம். பரீட்சை நீங்கியதேயன்றிப் பயிற்சியின் தேவை நீங்கவில்லை. ட்ரெயிலர் இழுக்கும் காருக்கு ஒருவழித்தட வீதிகளில் மணிக்கு 50 மைல், நெடுஞ்சாலைகளில் 60 மைல் என்பன அங்கு உச்ச வேகங்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்களுள்ள நெடுஞ்சாலையில் வலப்பக்க இறுதித் தடத்தினுள் செல்லலாகாது. காப்புறுதிப் பத்திரம் ட்ரெயிலர் இழுத்தலை உள்ளடக்குகின்றதா என்பதையும் வாசித்தறிக.

நம் நாட்டிலே

இலங்கையிலே தனியார் கார் ட்ரெயிலர் வைத்திருக்கும் வழக்கம் அரிது. ஓடாத காரைக் கொண்டுசெல்லத் தட்டை லொறியை அமர்த்துதலே இங்கு பெருவழக்கு. அது நல்ல வழக்கு என்றே சொல்வோம். காரின் நான்கு சில்லுகளும் லொறியின்மீது தங்குவதால் அலைவுமில்லை, முகப்பாரக் கணக்குமில்லை. சிலர் செலவைக் குறைக்கக் கருதி, உழவு இயந்திரத்தின் பெட்டியை ஜீப்பின் பின் கட்டிக் காரை ஏற்ற எண்ணுவர். அப்பெட்டி உழவு இயந்திரத்தின் மெதுவான ஓட்டத்துக்கென அமைந்தது. ஜீப்பின் வேகத்துக்கு அதன் அச்சும் கொளுக்கியும் ஏற்றவை அல்ல. ஏ-9 வீதியிலே பஸ்களுக்கும் சைக்கிளிற் செல்லும் பிள்ளைகளுக்கும் நடுவே அத்தகைய தொடரைச் செலுத்துவது, பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

வெளிநாட்டிலுள்ள அன்பர்க்கும் இதுவே நம் வேண்டுகோள். கணக்குப் பார்த்து, தக்க வண்டி கையில் இல்லை எனக் கண்டால், லொறியை அமர்த்துக. தந்தையார் ஓட்டிய மொரிஸைப்போன்ற ஒன்று வீட்டு முற்றத்தை அடைவது பேருவகை தருவது. அது ஒரு வாரம் பிந்தி வந்தாலும் உவகை குன்றாது. தக்க வண்டி இருந்தாலோ, சுமையை நிறுத்து, தகட்டை வாசித்து, முகப்பாரத்தை அளந்து, வெற்றுச் சாலையிலே சிறிது பழகிய பின் புறப்படுக. "இவ்வண்டி இதனை இழுக்குமா?" என்று கேட்கும் வழக்கத்தை விட்டு, "இவ்வண்டி இதனை இறக்கத்திலே, மழையிலே, திடீரென நிறுத்துமா?" என்று கேட்போமாக. இரண்டாவது வினாவுக்கு ஆம் என்று விடை கூறத்தக்க வண்டி, முதல் வினாவுக்கும் பெரும்பாலும் ஆம் என்றே கூறும்.